கொஞ்சம் லைன்ல இருங்க

அந்தப் பெரிய மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் மனிதருக்குக் குரல் இரண்டு. ஒன்று வேலைக்குரல், மற்றது வீட்டுக்குரல். வேலைக்குரல் இஸ்திரி போட்டது போல மடிப்புக் கலையாமல் வரும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்கும். ஒரு மெய்யெழுத்தும் கீழே விழாது. வீட்டுக்குரலோ சற்றே கரகரத்தது. பாதி வாக்கியத்தை வாயிலேயே மென்று விழுங்கிவிடும்.

மணமான புதிதில் அவருடைய மனைவி ஒருநாள் மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்தாள். "எக்ஸ்சேஞ்ச்ல இருக்கிற எங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்று, எடுத்துப் பேசிய அவரிடமே கேட்டாள். "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று அவரும் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, காத்திருப்புப் பொத்தானை அழுத்தி அவளுக்குப் புல்லாங்குழல் இசையைப் போட்டுவிட்டு, யாரைக் கூப்பிடுவது என்று அரை நிமிடம் யோசித்தார். அந்தக் கதையை அவள் உறவுக்காரர்களில் ஒருவரையும் விடாமல் சொல்லித் தீர்த்தாள். அன்றிலிருந்து அவர் ஊராருக்கு ஹலோக்காரர்.

இணைப்பகம் தரைத்தளத்துக்கும் கீழே, மருந்துக் கிடங்கை ஒட்டி இருந்தது. மேலே, கூரையோரமாக, ஒரு முழ அகலத்தில் ஒரு சன்னல். அதன் வழியாகத் தெரிவது நடந்து போகிறவர்களின் கால்கள் மட்டும். அறைக்குள் இரண்டு நாற்காலிகள், இரண்டு பொத்தான் பலகைகள், சுவரில் எண் பட்டியல். பக்கத்து நாற்காலியில் இருபத்தேழு ஆண்டுகளாக இருக்கும் பெண்மணியை அவர் "அக்கா" என்பார்; அந்த அம்மாள் அவரைத் "தம்பி" என்பாள். இருவருக்கும் வயது வித்தியாசம் நான்கு மாதம்.

அக்கா அவருக்கு முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்த விதி ஒன்று உண்டு. இணைப்புக் கொடுத்ததும் காதை எடுத்துவிட வேண்டும். அழைத்தவரை உரிய இடத்தில் சேர்ப்பதோடு நம் வேலை முடிந்தது. அதற்குமேல் அவர்கள் பேசுவதும் பேசாததும் அவர்கள் பாடு. இந்த விதியை அவர் ஒருநாளும் மீறியதில்லை. வேலையிடத்தில் மீறியதில்லை என்று திருத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில், மீறக் கூடாத வேறோர் இடத்தில் அவர் மீறியிருந்தார். அதன் பலனாக, எட்டு மாதமாக அவர் வீட்டுக்குள்ளும் ஓர் இணைப்பகம் நடந்துகொண்டிருந்தது. அதை நடத்தியவள் அவர் மனைவி.

மனைவியின் அண்ணன் மின்தூக்கி மெக்கானிக். அடுத்த தெருவில் வீடு. உருண்டு திரண்ட உடம்பு, கனத்த கை, சிரித்தால் நாற்காலி ஆடும். தங்கை வீட்டு மிக்சி முனகினாலும் குழாய் ஒழுகினாலும் கருவிப்பெட்டியோடு வந்து நிற்பவர். ஹலோக்காரருக்கு அவர் மச்சான். அவருக்கு ஹலோக்காரர் மாப்பிள்ளை. இருவரும் சேர்ந்துவிட்டால் வீட்டில் மற்றவர் பேச்சு எடுபடாது. அப்படி இருந்தவர்கள், எட்டு மாதத்துக்கு முந்திய ஒரு மாலையில், பள்ளிவாசலின் மூன்றாம் வரிசையில், ஒரு நிமிடத்துக்குள் பிரிந்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் ஹலோக்காரர் தூய்மையைப் பற்றிய தொடர் சொற்பொழிவு ஒன்றைப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் காதில் மாட்டிக் கேட்டிருந்தார். கேட்டதைப் பாதியில் நிறுத்தி, மீதியை இறங்கும் அவசரத்தில் விட்டு, அரைகுறையாக மனத்தில் ஏற்றியிருந்தார். கேட்டது நெஞ்சில் இருப்புக் கொள்ளவில்லை. யாருக்காவது சொல்லியாக வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. அன்று மச்சான் நான்கு பேரை நடுவழியில் நின்றுபோன மின்தூக்கியிலிருந்து மீட்டுவிட்டு, எல்லோரும் சேர்ந்து தொழும் ஜமாஅத் தொழுகை தவறிவிடக் கூடாதென்று மூச்சிரைக்க ஓடி வந்து வரிசையில் நின்றார். கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவி, தொழுகைக்கான ஒளுச் செய்திருந்தார். சட்டையைத்தான் கழுவ முடியவில்லை. நெஞ்சிலிருந்து இடுப்பு வரை கிரீஸ்.

"இந்தச் சட்டையோட எப்படி மச்சான் நிக்கிறீங்க? தொழுகையே கூடாது. போய் மாத்திட்டு வாங்க."

சொன்னதுகூடப் பெரிதில்லை. சொன்னது வேலைக்குரலில். கடைசி வரிசையில் காது மந்தமான பெரியவர்கூடத் திரும்பிப் பார்த்தார். மச்சான் தம் சட்டையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியே போனார். மாற்றுச் சட்டையோடு வருவார் என்று ஹலோக்காரர் தம் பக்கத்தில் இடம்விட்டுக் காத்திருந்தார். அந்த இடத்தில் வேறொருவர் வந்து நின்றார். மச்சான் அன்றும் வரவில்லை. பிறகும் அந்தப் பள்ளிவாசலுக்கு வரவில்லை.

தங்கை வீட்டுக்கு மட்டும் வழக்கம்போல விடுமுறை நாட்களில் வந்துகொண்டிருந்தார். வந்து, மாப்பிள்ளைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தங்கையிடம் பேசுவார்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டச் சொல்லு."

தங்கை அடுக்களையிலிருந்து தலையை நீட்டுவாள். "என்னங்க, அண்ணன் ஃபேனைக் கூட்டச் சொல்லுது."

"அஞ்சுல வெச்சா அது சத்தம் போடும்னு சொல்லு" என்பார் ஹலோக்காரர்.

"அண்ணே, அஞ்சுல வெச்சா சத்தம் போடுமாம்."

"சத்தம் போட்டா கழட்டிப் பாக்கலாம்னு சொல்லு."

ஒருநாள் அவள் கரண்டியோடு நடுக்கூடத்துக்கே வந்து நின்றாள். "ஆஸ்பத்திரியில அவருக்காவது சம்பளம் உண்டு. எட்டு மாசமா நான் சும்மாவே எக்ஸ்சேஞ்ச் நடத்துறேன். ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்துட்டு என்னைச் சமைக்க விடாம பண்றீங்களே, நல்லாயிருக்கா?"

இருவரும் ஒரே நேரத்தில் அசடு வழியச் சிரித்தார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஹலோக்காரர் தம் பக்கம் நியாயம் இருப்பதாகவே நம்பியிருந்தார். நல்லதைத்தானே சொன்னோம், மார்க்கம் சொன்னதைத்தானே சொன்னோம், இதற்குப் போய் ஒரு மனிதர் பள்ளிவாசலையே விட்டுவிடுவாரா? இப்படியெல்லாம் பகலில் நியாயம் பேசிக்கொள்வார். தொழுகை வரிசையில் நிற்கும்போது மட்டும் வலப்பக்கத் தோள் எதையோ தேடும்.

இந்நிலையில்தான் பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. "அழைப்பாளர்கள் தேவை. நல்ல குரலும் பொறுமையும் மக்களோடு பழகும் இயல்பும் உள்ளவர்கள் பெயர் கொடுக்கவும்."

படித்ததும் ஹலோக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. நல்ல குரல், பொறுமை, பழகும் இயல்பு: தம்மை எதிரே உட்கார வைத்துப் பார்த்து எழுதியது போல இருந்தது. பள்ளிவாசல் வளர்ந்துவிட்டது, தொலைபேசி வைக்கப் போகிறார்கள், ஆள் வேண்டும்போல என்று முடிவு செய்தார். பெயரோடு "இருபத்தாறு ஆண்டு அனுபவம்" என்றும் எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிய செயலாளர் கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், வெளியில காட்டிக்காம இவ்வளவு நாளா செய்றீங்களா?" என்று நெகிழ்ந்து போனார்.

"சம்பளத்துக்குத்தான் செய்றேன்" என்றார் ஹலோக்காரர் அடக்கமாக. செயலாளருக்கு அது புரியவில்லை. மறுமைக் கூலியைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் முதல் கூட்டம். பள்ளிவாசலின் மாடி அறையில் எட்டுப் பேர். ஐந்து மாதங்களுக்கு முன் பொறுப்பேற்ற இமாம், ஹலோக்காரரைவிடப் பதினைந்து வயது இளையவர், எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

ஹலோக்காரர் கையை உயர்த்தினார். "எத்தனை லைன் வருது?"

"லைனா?"

"போன் லைன். ரெண்டுக்கு மேலன்னா தனியா ஒரு போர்டு வாங்கணும். எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு."

கண்ணாடிக்கடைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "இது அந்த அழைப்பு இல்ல. மக்களை நன்மையின் பக்கம் அழைக்கிறது. அழைப்புப் பணி!"

"அப்ப போன் கிடையாதா?"

"உங்க வாய்தான் போன்" என்றார் பக்கத்தில் இருந்த தையற்காரர். "அதுக்குத் தனியா போர்டு எதுக்கு?"

ஹலோக்காரருக்குக் காதோரம் சுட்டது. பெயரைத் திருப்பி வாங்கிக்கொண்டு நழுவிவிடலாமா என்று முழங்காலைத் தூக்கினார். இமாம் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, "நீங்க போகக் கூடாது" என்றார். "இருபத்தாறு வருஷமா முகம் தெரியாதவங்க கோபத்தையெல்லாம் காதுல வாங்கிட்டு, அவங்களைப் போக வேண்டிய இடத்துல சேக்கிறவர் நீங்க. இந்த வேலைக்கு அதைவிட வேற என்ன படிப்பு வேணும்? அழைக்கிறதுக்கும் ஒரு அழகு இருக்கு. அது உங்களுக்கு ஏற்கனவே கைவந்த கலை."

தூக்கிய முழங்கால் கீழே இறங்கியது. பாராட்டு என்றால் யாருக்குத்தான் கால் எழும்?

இமாம் தொடர்ந்தார். "இப்ப ஒரு உதாரணம். ஒருத்தர் வேலை முடிஞ்சு நேரா தொழ வர்றார். சட்டையெல்லாம் கிரீஸ். அவர்கிட்ட நீங்க என்ன சொல்வீங்க?"

இமாமுக்குப் பழைய கதை தெரியாது. மற்ற ஏழு பேருக்கும் தெரியும். தையற்காரர் கூரையைப் பார்த்தார். கண்ணாடிக்கடைக்காரர் தம் கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத வில்லையைத் துடைக்கத் தொடங்கினார். ஹலோக்காரர் ஒருவர்தான் வாய் திறந்தார்.

"போய் மாத்திட்டு வாங்கன்னு சொல்வேன். அழுக்கோட தொழுகை கூடாதே."

"யார் சொன்னது?" இமாம் வியப்போடு கேட்டார். "அழுக்கு வேற, நஜீஸ் வேற. ரத்தம், சிறுநீர் மாதிரி மார்க்கம் அசுத்தம்னு ஒதுக்கினதுதான் நஜீஸ். அது பட்டா கழுவிட்டுத்தான் தொழணும். கிரீஸ், எண்ணெய், சேறு எல்லாம் வெறும் அழுக்கு. நல்ல சட்டை இருந்தா அழகு. இல்லன்னா அதோடயே தாராளமா நிக்கலாம்."

"அப்ப... மாத்திட்டு வரச் சொன்னா?"

"வந்தவரைத் திருப்பி அனுப்பினதா ஆகும். நாம உக்காந்திருக்கிறது வராதவங்களை அழைக்கிறதுக்கு."

அந்தச் சொற்பொழிவில், பேருந்திலிருந்து இறங்கும் அவசரத்தில் தாம் விட்டுவிட்ட பகுதி இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஹலோக்காரருக்கு அப்போது பட்டது. ஒரே சொல்லுக்குள் இரண்டு சொற்களைப் போட்டு அடைத்து, அதை வேலைக்குரலில் வாசித்திருக்கிறார்.

கூட்டம் முடியும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் யார் யாரைப் போய்ப் பார்ப்பது என்ற பட்டியல். ஹலோக்காரரின் தாளில் முதல் வரியில் மச்சானின் வீட்டு எண். கண்ணாடிக்கடைக்காரர் அவர் தோளில் கை வைத்து, மெதுவாக, "எட்டு மாசமா ஆளையே காணோம். வேற யாரும் போனா சரிப்படாது" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். பட்டியலைப் பற்றிச் சொல்லவில்லை; அழுக்கும் நஜீஸும் வேறு வேறு என்பதை மட்டும் சொன்னார். அவள் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதை அண்ணன்கிட்ட நான் சொல்லவா?"

"வேணாம். இந்த ஃபோன் காலை நானே போடணும்."

"அப்பாடா!" என்று அவள் வெங்காயத்துக்குத் திரும்பினாள். "ஒரு கால் குறைஞ்சுது."

நேரில் போகத் துணிவு வரவில்லை. பேசுவது என்றால் அவருக்குத் தொலைபேசிதான் கைவாகு. கைப்பேசியில் கூப்பிட்டார், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரையில் தம் பெயரைப் பார்த்துவிட்டு மச்சான் எடுக்கவில்லை என்று புரிந்தது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் பிற்பகல், அழைப்புகள் ஓய்ந்த வேளையில், இணைப்பகத்தின் பலகையில் அந்த எண்ணைப் பாதி அழுத்துவதும் நிறுத்துவதுமாக இருந்தார்.

"என்ன தம்பி, பொத்தானுக்குக் கூச்சம் காட்டுறியா?" என்றாள் அக்கா, பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அழுத்துனா முழுசா அழுத்து. பாவம், அந்த மிஷினுக்குத் தலை சுத்துது."

சொல்ல வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் எழுதி எதிரே வைத்துக்கொண்டார். 'மச்சான், நான்தான். அன்று சொன்னது தவறு. மன்னித்துவிடுங்கள்.' மூன்றே வாக்கியம். எண்ணை முழுதாக அழுத்தினார். அந்தப் பக்கத் திரையில் அவர் பெயர் வராது அல்லவா, உடனே எடுத்தார்கள்.

"ஹலோ?"

எட்டு மாதம் கழித்து அந்தக் குரல் தம்மை நோக்கி வந்தது. எதிரே இருந்த தாள் கண்ணுக்குத் தெரியவில்லை. மனம் கைவிட்ட இடத்தில் நாக்கு தானாகப் பேசியது. வழவழவென்று, ஒரு மெய்யெழுத்தும் விழாமல் பேசியது.

"வணக்கம். மருத்துவமனையிலிருந்து பேசுகிறோம். கொஞ்சம் லைன்ல இருங்க."

விரலும் சும்மா இருக்கவில்லை. காத்திருப்புப் பொத்தானை அழுத்தியது. ஒரு மின்தூக்கிக் கூண்டின் தலைமேல், எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே நின்றுகொண்டிருந்த மச்சானின் காதில் புல்லாங்குழல் இசை ஒலித்தது.

"அக்கா..." என்றார் ஹலோக்காரர் ஈனக்குரலில். "நான் மச்சானை ஹோல்டுல போட்டுட்டேன்."

அக்கா எட்டிப் பார்த்தாள். பலகையில் விளக்கு அணைந்திருந்தது. "போட்டது மட்டுமில்ல. ஆளு கட் பண்ணிட்டாரு."

உடனே திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? மருத்துவமனை என்றதும் மச்சானுக்கு வந்த முதல் நினைப்பு தங்கை. அவளைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவளோ கைப்பேசியைக் கூடத்தில் மின்னேற்றத்தில் போட்டுவிட்டு அடுக்களையில் மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, ஒன்பதாம் மாடியிலிருந்து படி வழியாகவே ஓடினார். மின்தூக்கியைத்தான் அவரே கழற்றிப் போட்டிருந்தாரே!

இருபது நிமிடம் கழித்து, சன்னலுக்கு வெளியே தெரிந்த கால்களுக்கு நடுவே ஒரு சோடி கனத்த காலணிகள் தடதடவென்று ஓடுவதை ஹலோக்காரர் பார்த்தார். சற்று நேரத்தில் இணைப்பகத்தின் கதவு சுவரில் மோதியது. தலையில் தலைக்கவசம், முழங்கை வரை கறுப்பு, நெஞ்சிலிருந்து இடுப்பு வரை கிரீஸ்.

"மாப்ளே! என் தங்கச்சிக்கு என்ன ஆச்சு?"

மாப்ளே. எட்டு மாதமாக 'உன் வீட்டுக்காரர்' என்று அடுக்களை வழியாகச் சுற்றி வந்துகொண்டிருந்த மனிதர், நேராக, நடுவில் யாரும் இல்லாமல், அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார். ஹலோக்காரர் காதுக்கருவியைக் கழற்றி வைத்தார்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல மச்சான். வீட்டுல நல்லா இருக்கா."

"அப்ப யாருக்கு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. நான்தான் கூப்பிட்டேன். பேச வந்துச்சு, ஆனா வேற குரல்ல வந்துடுச்சு."

மச்சான் கதவில் சாய்ந்து மூச்சு வாங்கினார். அக்கா எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க. மூணு நாளா உங்க நம்பரைத்தான் தேய்ச்சுக்கிட்டு இருந்தாரு. நான் ரெண்டு போர்டையும் பாத்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் பேசுங்க." இரண்டு பலகைகளின் காதுக்கருவிகளையும் காதுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இணைப்புக் கொடுத்ததும் காதை எடுத்துவிட வேண்டும் அல்லவா?

ஹலோக்காரர் துண்டுத் தாளை எடுத்து நீட்டினார். மச்சான் வாங்கவில்லை, கை கறுப்பாக இருந்தது. எட்டி நின்றே படித்தார்.

"அழுக்கு வேற, நஜீஸ் வேறயாம் மச்சான். எனக்கு அது தெரியல. இமாம் சொன்னப்பதான் தெரிஞ்சுது. அன்னைக்கு உங்களுக்குத் தொழுகை கூடும்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் மச்சான்.

"தெரியுமா?"

"முப்பது வருஷமா கிரீஸோட வாழுறேன். என் சட்டைக்கு என்ன சட்டம்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொல்ல விட்டீங்களா? ஆஸ்பத்திரி மைக்குல அறிவிக்கிற மாதிரில்ல சொன்னீங்க! நாலு பேரை லிஃப்ட்ல இருந்து இறக்கிட்டு, ஜமாஅத்தை விட்டுடக் கூடாதுன்னு ஓடி வந்தேன். பள்ளிவாசல் மொத்தமும் திரும்பி என் சட்டையைப் பாத்துச்சு." அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "சட்டம் தப்பாச் சொன்னதுக்கு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க மாப்ளே. தனியா கூப்பிட்டுக் காதுல சொல்லியிருந்தா, அங்கயே சிரிச்சுட்டு விளக்கம் சொல்லியிருப்பேன்."

ஹலோக்காரர் தலை குனிந்தார். பிறகு, எட்டு மாதமாகத் தம் நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்ததைக் கேட்டார். "என்னால நீங்க தொழுகையையே விட்டுட்டீங்களே மச்சான்."

மச்சான் அவரை விநோதமாகப் பார்த்தார். "யார் விட்டது? வேலை செய்ற இடத்துக்குப் பக்கத்துல ஒரு பள்ளிவாசல் இருக்கு. அங்க வர்றதுல பாதிப் பேரு ஒர்க்‌ஷாப் ஆளுங்க. எல்லார் சட்டையும் என் சட்டை மாதிரிதான். உங்க பள்ளிவாசலைத்தான் விட்டேன். அல்லாஹ்வை விடலையே!"

ஹலோக்காரர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். நன்மையின் பக்கம் அழைக்க வேண்டியவர்களின் பட்டியலில் முதல் பெயராகத் தாம் மடித்துப் பையில் வைத்திருந்தவர், ஒரு நாளும் அதை விட்டு அகலவே இல்லை. அந்த எட்டு மாதமும் தவறான எண்ணையே திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டிருந்தது தாம்தான்.

"மன்னிச்சுடுங்க மச்சான்."

"மன்னிச்சாச்சு. அவளுக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னப்பவே பாதி மன்னிச்சுட்டேன், மீதி இந்தத் தாளைப் படிக்கும்போது." எழுந்தார். கதவருகே போனவர் நின்று திரும்பினார். "ஆனா ஒண்ணு. சொன்னது ஐம்பது பேர் முன்னாடி. திருப்பி எடுத்துக்கிறது ஒரு நிலவறையிலயா?"

ஹலோக்காரர் புரிந்துகொண்டார். "பள்ளிவாசலுக்கு வருவீங்களா?" என்ற கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது. அதை அங்கேயே நிறுத்திக்கொண்டார். வருவதும் வராததும் அவர் பாடு.

அடுத்த வெள்ளிக்கிழமை, கூட்டுத் தொழுகை முடிந்து எல்லோரும் எழுவதற்கு முன், ஹலோக்காரர் மூன்றாம் வரிசையில் எழுந்து நின்றார். இமாமிடம் முன்பே அனுமதி கேட்டிருந்தார். மச்சானை எங்கும் காணவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தொடங்கினார்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி இந்த இடத்துல நின்னு ஒருத்தரை, அவர் சட்டையில கிரீஸ் இருக்குன்னு, தொழுகை கூடாதுன்னு..."

குரல் கரகரத்தது. வீட்டுக்குரல், பாதி வாக்கியம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. முன்வரிசைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

செருப்பு வைக்கும் தட்டுகளின் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க! பின்னாடி கேக்கல!"

கனத்த உடம்பு தூணுக்கு வெளியே பாதி தெரிந்தது. துவைத்து வெளுத்த சட்டைதான். ஆனால் கையில் கருவிப்பெட்டி. கூட்டத்தில் சிரிப்பு பரவியது. ஹலோக்காரரும் சிரித்துவிட்டார். சிரித்ததும் தொண்டை திறந்துகொண்டது.

"அந்த ஒருத்தர் என் மச்சான்" என்றார், கடைசி வரிசையில் காது மந்தமான பெரியவருக்கும் கேட்கும்படி. "அவர் வேலை முடிச்ச சட்டையோட ஜமாஅத்துக்கு ஓடி வந்தார். நான் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லி, எல்லார் முன்னாடியும் அவரைத் திருப்பி அனுப்பினேன். தப்பு என்னோடது. வேலை முடிஞ்சு வர்ற யாரும் இங்க தயங்காம வந்து நிக்கலாம். என் பக்கத்துல இடம் இருக்கும்."

உட்கார்ந்தார். கண்ணாடிக்கடைக்காரர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இம்முறை வில்லை உண்மையிலேயே மங்கியிருந்தது. அந்த வாரத்திலிருந்து, இரண்டு தெருக்கள் தள்ளி வண்டி பழுது பார்ப்பவர் ஒருவரும், சுண்ணாம்புக் கறையோடு கொத்தனார் ஒருவரும் மாலைத் தொழுகைக்கு வரத் தொடங்கினார்கள். இவர்கள் இருவர் பெயரும் எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை. யார் அழைத்து வந்தார்கள் என்று எந்தத் தாளில் எழுதுவது என்று தெரியாமல், செயலாளர் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து இருவரும் ஒன்றாக வீட்டுக்கு வந்தார்கள். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். மச்சான் வழக்கமான நாற்காலியில் சாய்ந்தார். ஹலோக்காரர் எதிரே உட்கார்ந்தார். வெயிலில் நடந்து வந்ததால் இருவருக்கும் வியர்த்திருந்தது.

மச்சான் பழக்கதோஷத்தில் அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார். "உன் வீட்டுக்காரர்கிட்ட அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டச் சொல்லு."

அடுக்களையிலிருந்து பதில் வந்தது. வழவழவென்று, ஒரு மெய்யெழுத்தும் விழாமல் வந்தது.

"கொஞ்சம் லைன்ல இருங்க."

அதோடு சரி. தலை நீளவில்லை, கரண்டி வெளியே வரவில்லை. இருவரும் காத்திருந்தார்கள். தண்ணீர் கொதிக்கும் ஓசை கேட்டது. ஒரு கோப்பை இன்னொரு கோப்பையில் மெல்ல இடித்தது. மச்சான் கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் எதிரே பார்த்தார்.

"மாப்ளே," என்றார், "ஃபேன்."

ஹலோக்காரர் எழுந்து போய் ஐந்தில் வைத்தார். அது சத்தம் போட்டது. மச்சான் கருவிப்பெட்டியைத் திறந்தார்.